அல்கோல்: பேயும் கோளும்

அல்கோல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வேர்ச்சொல் தேடுபவர்களின் காது விடைத்துக்கொள்ளும். ‘அல்’ என்றால் இரவு, ‘கோள்’ என்றால் பற்றுதல்; ஆக, இருள் பற்றிய மீன்! ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒருமுறை மங்கும் விண்மீனுக்கு இதைவிடப் பொருத்தமான காரணப்பெயர் வேண்டுமா? ஆனால் கடைசியில் நிற்பது லகரம், ளகரமல்ல. புணர்ச்சியும் இடிக்கிறது, ‘அற்கோள்’ என்றல்லவா திரிந்திருக்க வேண்டும்.

பெயர் அரபியிலிருந்து வந்தது. ‘ராஸ் அல்-கூல்’ என்றால் கூலின் தலை. கூல் என்பது பாலைவன வழிப்போக்கரைத் திசைதிருப்பிப் பிடிக்கும் பேய். இந்த இடத்தில் அந்தப் பேயே ஒரு மொழிபெயர்ப்புதான். கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸ் வெட்டி ஏந்தியிருக்கும் கோர்கன் என்ற அரக்கியின் தலையில் உள்ள ஒளிமிக்க மீன் என்று 2ஆம் நூற்றாண்டிலேயே தாலமி எழுதிவைத்தார். அரபியர் கோர்கனுக்குப் பதிலாகத் தங்கள் ஊர்ப் பேயை அமர்த்தினார்கள். ஐரோப்பாவுக்குப் போனபின் தலை உதிர்ந்து பேய் மட்டும் மிஞ்சியது.

மீன் மங்குவதைக் கண்டு மிரண்டுதான் முன்னோர் பேய்ப்பெயர் வைத்தார்கள் என்று பல நூல்கள் எழுதுகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாலமியின் பட்டியலில் மங்கலைப் பற்றிய பேச்சே இல்லை. எகிப்தின் நாள்பலன் சுவடியொன்றில் 2.85 நாள் சுழற்சி தெரிகிறது, அது அல்கோலுடையது என்று பின்லாந்து ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதுவே உண்மையென்றாலும், இந்தப் பெயருக்கு அது சான்றாகாது.

வேரைத் தோண்டினால் வேறொரு சுவை. அரபியில் கூல் பிறந்த வினைக்குப் பொருள் ‘பிடித்துக்கொள்’. கிரகணம், கிரகம் இரண்டும் பிறந்த வடமொழி வினைக்கும் அதே பொருள். நம் கோளோ ‘கொள்’ளிலிருந்து வந்தது, குறளிலும் பாம்பு நிலவை விழுங்குவதில்லை, கொள்கிறது. இதை வைத்து நான் உறவு கொண்டாட மாட்டேன். கூல் பிடிப்பது ஆளை, பாம்பு பிடிப்பது நிலவை.

அல்கோலைப் பிடிப்பது எது? யார்க் நகரில், காது கேளாத 18 வயது இளைஞர் ஜான் குட்ரிக் 1782 நவம்பரில் அது மங்குவதைக் கண்டு, இரவிரவாகக் கணக்கெடுத்தார். மங்கல் திரும்பி வரும் இடைவெளி 2 நாள் 20 மணி 49 நிமிடம். இருண்ட உருவம் ஒன்று குறுக்கே போகலாம் என்று 1783இல் எழுதினார். 1889இல் போட்ஸ்டாமில் ஃபோகல் நிறமாலை வழியே அதை உறுதிப்படுத்தினார். குறுக்கே போவது இன்னொரு விண்மீன்.

கலசப்பாக்கத்து மொட்டைமாடியிலிருந்தே அல்கோலைப் பார்க்கலாம்: மார்கழி முன்னிரவில், கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே. பொலிவெண் (எண் கூடினால் ஒளி குறைவு) 2.1இலிருந்து 3.4க்குப் போகும்போது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மேற்கே தெரியும் ஜவ்வாது மலையின் மறுபுறம் காவலூர். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்கே தொடங்கிய நிலையம்தான் இன்றைய வைணு பாப்பு வானாய்வகம். மாறொளி மீன்களை அளப்பது அங்கே பழகிய வேலை.

அளந்த ஒளியை நேரத்துக்கு எதிரே புள்ளியிட்டால் கிடைப்பது ஒளிவளைகோடு. அதில் இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றின் ஆழங்களை ஒப்பிட்டால் இரு மீன்களின் வெப்ப விகிதம் தெரியும். பள்ளத்தின் அகலம் மீன்களின் பருமனைச் சொல்லும். விளிம்பின் வடிவம் பாதையின் சாய்வைக் காட்டும். அல்கோலின் இரண்டாம் பள்ளம் மிக மெல்லியது. செலினியம் மின்கலத்தால் ஒளியளந்த ஸ்டெபின்ஸ்தான் 1910இல் அதைக் கண்டார். நிறமாலை தரும் வேகங்களையும் சேர்த்தால் நிறை கிடைக்கும்: ஒன்று சூரியனைப்போல் சுமார் 3.2 மடங்கு, மற்றது 0.7. நிறை குறைந்ததே அதிகம் முதிர்ந்திருக்கிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஒருகாலத்தில் பெரிதாயிருந்த அது தன் பொருளைத் துணைக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டது என்பதே விடை.

1958இல் அல்கோல் என்றே ஒரு கணினிமொழி வந்தது. அது வெறும் எழுத்துச்சுருக்கம், பேயோடு தொடர்பில்லை. வளைகோட்டுக்கு மாதிரி பொருத்த வில்சனும் டெவினியும் 1971இல் வெளியிட்ட முறைக்கான நிரலும் ஃபோர்ட்ரான் மொழியில்தான் அமைந்தது. புதிதாகக் கண்ட மாறொளி மீன்களுக்கு எழுத்தும் எண்ணுமே பெயர். ஒரு விண்மீன் குழுவில் 334 எழுத்துப்பெயர்கள் தீர்ந்தால் வி335 என்று தொடரும். ஆனால் அல்கோலைப்போல் மங்கினால் வகைப்பெயர் ‘அல்கோல் வகை’தான்.