ஆட்டம் பார்க்கப் போன வழி

ஒரு விளையாட்டுப் போட்டியைப் பார்ப்பதற்காக நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேறொரு நகரத்துக்குப் பயணம் செய்வதில் புதுமை எதுவுமில்லை. கிரிக்கெட் மோகத்தில் ஊறிய நம்மவர்களுக்கு இதை விளக்கவும் தேவையில்லை. புகையிரதத்தில் ஓர் இருக்கை, வழியில் சாப்பாடு, இரவு தங்குவதற்கு ஓர் அறை, மைதானத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு ஆகிய நான்கும் கிடைத்தால் போதும்.

ஆனால், 20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு இந்த நான்கும் இலகுவில் கிடைக்கவில்லை. கையில் பணம் இருந்தாலும் எந்தப் பெட்டியில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது, எந்தப் பக்கத்தில் உட்காருவது என்பதைச் சட்டமும் வழக்கமுமே முடிவு செய்தன. அவ்வாறிருந்தும், அவர்கள் பேஸ்போல் பார்ப்பதற்காகப் பல நூறு மைல் தூரம் பயணம் செய்தார்கள். அமெரிக்க பேஸ்போலில் நிறத்தடை உடைந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு வீரரையும் ஓர் அணி நிருவாகியையும் பற்றியே பேசுவர். அந்தப் பயணிகளையும் அவர்களுக்காக எழுதிய பத்திரிகையாளர்களையும் விட்டுவிட்டு அக்கதையை முழுமையாகச் சொல்லமுடியாது என்பதே எனது கருத்து.

பெட்டியும் சட்டமும்

லூசியானா மாநிலம் 1890 ஆம் ஆண்டில் புகையிரதங்களில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டிகள் ஒதுக்கப்படவேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 1892 இல் ஹோமர் பிளெசி என்பவர் வெள்ளையருக்கான பெட்டியில் வேண்டுமென்றே அமர்ந்து கைதானார். அவரது வழக்கில் 1896 இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருக்குமானால் மக்களைப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானதல்ல எனக் கூறிவிட்டது. பிரிவினை உறுதியாக நடைமுறைக்கு வந்தது. சமத்துவம் தீர்ப்பின் வாசகமாக மாத்திரமே எஞ்சியது. கறுப்பினப் பயணிகளுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் இயந்திரத்துக்கு அருகிலிருந்த பழைய பெட்டிகளே. உணவுப் பெட்டிக்குள் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது, அல்லது திரைச்சீலைக்குப் பின்னால் ஓரிரு மேசைகள் ஒதுக்கப்பட்டன. பொரித்த கோழியையும் பாணையும் காலணிப் பெட்டிக்குள் கட்டி எடுத்துச் செல்வது அக்காலப் பயணத்தின் வழமையாயிற்று.

பேஸ்போலில் இத்தகைய சட்டம் எதுவும் இருக்கவில்லை. 1884 இல் மோசஸ் ஃபிளீட்வூட் வோக்கர் என்ற கறுப்பின வீரர் டொலிடோ நகர அணிக்காகப் பிரதான லீக் ஒன்றில் ஆடியிருந்தார். பின்னர் அணி உரிமையாளர்களிடையே ஏற்பட்ட எழுதப்படாத இணக்கம் கதவை மூடியது. எழுதப்பட்ட சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். எழுதப்படாத இணக்கத்தை எங்கே எதிர்ப்பது? கறுப்பின வீரர்கள் தமக்கென அணிகளை உருவாக்கிக்கொண்டனர். 1920 இல் ரூப் ஃபொஸ்டரின் முயற்சியால் நீக்ரோ தேசிய லீக் தோன்றியது. 'நீக்ரோ' என்ற சொல் இன்று தவிர்க்கப்பட்டாலும் வரலாற்றுப் பெயர் என்ற வகையில் அது இங்கு பயன்படுத்தப்படுகிறது.

சிக்காகோவை நோக்கி

1933 செப்டெம்பர் 10 ஆம் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் கறுப்பின லீக்குகளின் சிறந்த வீரர்கள் கிழக்கு, மேற்கு என இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதினர். ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்தவர்கள் கறுப்பினப் பத்திரிகைகளின் வாசகர்கள். சிக்காகோ டிஃபென்டர், பிற்ஸ்பேர்க் கூரியர் ஆகியவற்றின் ஊடாக அவர்கள் வாக்களித்தார்கள். தென் மாநிலங்களில் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை பெரும்பாலான கறுப்பினத்தவருக்கு நடைமுறையில் மறுக்கப்பட்டிருந்த காலம் அது என்பது கவனிக்கத்தக்கது.

டிஃபென்டர் பத்திரிகை தென் மாநிலங்களின் கிராமங்களைச் சென்றடைந்ததும் புகையிரதத்தின் மூலமே. படுக்கைப் பெட்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்கள் அதன் பிரதிகளைத் தம்முடன் கொண்டுசென்று விநியோகித்தார்கள். அதன் விளையாட்டுப் பகுதியை வளர்த்தெடுத்த ஃபே யங்கும் புகையிரத உணவுப் பெட்டியில் பரிசாரகராக வேலை செய்தவர்தான்.

கிழக்கு-மேற்கு ஆட்டம் ஆண்டுதோறும் நடக்கும் திருவிழாவாக மாறியது. நியூ ஓர்லியன்ஸ், மிசிசிப்பி பகுதிகளிலிருந்து இலினோய் சென்ட்ரல் புகையிரதப் பாதை வழியாக நண்பர்களும் குடும்பங்களும் சிக்காகோ வந்தனர். ஆட்டத்துக்காக மேலதிகப் பெட்டிகள் இணைக்கப்பட்டதை அக்கால வீரர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். வடக்கே செல்லும் வண்டி ஒஹையோ ஆற்றைக் கடந்து இலினோய் மாநிலத்தின் கெய்ரோ நகரை அடைந்ததும் பிரிவினைச் சட்டத்தின் எல்லை முடிந்தது. அதன் பிறகு விரும்பிய பெட்டிக்கு மாறி அமரலாம். திரும்பி வரும்போது அதே கெய்ரோவில் மீண்டும் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்குள் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக மனிதர்கள் ஓர் ஆற்றுக்கு இப்பால் ஒருவராகவும் அப்பால் வேறொருவராகவும் நடத்தப்பட்டார்கள்.

1943 ஆகஸ்ட் முதலாம் திகதி நடந்த கிழக்கு-மேற்கு ஆட்டத்தைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை 51,723. புகழ்பெற்ற பந்து வீச்சாளர் சச்சல் பெய்ஜ் ஆடிய மேற்கு அணி 2-1 என வென்றது. அந்த மைதானத்தைச் சொந்தமாகக் கொண்டிருந்த சிக்காகோ வைட் சொக்ஸ் அணியிலோ 1951 வரை ஒரு கறுப்பின வீரர்கூட இடம்பெறவில்லை.

ஒரே அறையில் இருவர்

கூரியரின் விளையாட்டுச் செய்தியாளர் வென்டல் ஸ்மித் 1914 இல் டெட்ரோயிட்டில் பிறந்தவர். இளமையில் தேர்ந்த பந்து வீச்சாளர். 1933 இல் அவர் பந்துவீசி 1-0 என வென்ற ஆட்டத்தைப் பார்த்த தொழில்முறை அணியின் முகவர் ஒருவர், நீ வெள்ளையனாக இருந்திருந்தால் உன்னை ஒப்பந்தம் செய்திருப்பேன் என்று சொல்லிவிட்டு, தோற்ற அணியின் பந்து வீச்சாளரை ஒப்பந்தம் செய்துகொண்டார். ஸ்மித் பேனாவைக் கையிலெடுத்தார்.

புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கிக்கு 1945 இல் ஜாக்கி ரொபின்சனின் பெயரைச் சிபாரிசு செய்தவர் இந்த ஸ்மித்தான். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் புதுமணத் தம்பதியரான ரொபின்சனும் ரேச்சலும் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்து புளோரிடாவிலுள்ள பயிற்சி முகாமுக்குப் புறப்பட்டனர். நியூ ஓர்லியன்ஸிலும் பென்சகோலாவிலும் அவர்கள் விமானத்தில் இடமிழந்தனர். எஞ்சிய தூரத்தைப் பஸ் வண்டியின் பின்னிருக்கையில் கடந்து டேடோனா பீச்சை அடைந்தார்கள். அவர்களை வரவேற்கக் காத்திருந்தவர்களில் ஒருவர் ஸ்மித். சில நாட்களில் பக்கத்து ஊரான சன்ஃபோர்டில் வெள்ளையரின் மிரட்டல் காரணமாக ரொபின்சன் அவசரமாக வெளியேற நேர்ந்தபோதும் ஸ்மித் உடனிருந்தார்.

வாரத்துக்கு 50 டொலர் கொடுத்து, ரொபின்சனுடன் பயணம் செய்வதற்கு ஸ்மித்தை ரிக்கி அமர்த்தியிருந்தார். அணியின் விடுதியில் இடம் மறுக்கப்பட்ட ஊர்களில் கறுப்பினக் குடும்பமொன்றின் வீட்டையோ சிறு விடுதியையோ ஸ்மித் தேடினார். இருவரும் ஒரே அறையில் தங்கினர். செய்தி எழுதும் ஒருவர் செய்தியின் நாயகனுக்குத் துணையாளாகச் சம்பளம் பெறலாமா என்று இன்றைய பத்திரிகைத்துறை கேட்கும். கேள்வி நியாயமானதே. எனினும் வேறு எவரும் அந்த வேலையைச் செய்ய அங்கிருக்கவில்லை.

இன்று நம்மவர் பலர் வாழும் மொன்றியல் நகரின் ரோயல்ஸ் அணிக்காக 1946 பருவத்தில் ஆடிய ரொபின்சன், 1947 ஏப்ரல் 15 ஆம் திகதி டொட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார்.

அவரைப் பின்தொடர்ந்த வண்டிகள்

அதன் பிறகு, கறுப்பின ரசிகர்களின் பயணங்கள் திசை மாறின. தேசிய லீக் நகரங்களில் தென் மாநிலங்களுக்கு மிக அண்மையில் இருந்தவை சின்சினாட்டியும் சென். லூயிஸும். டொட்ஜர்ஸ் அணி அங்கு வரும்போது தெற்கிலிருந்து மக்கள் திரண்டனர். வேர்ஜீனியாவின் நோர்ஃபோக்கில் புறப்பட்டு வழியெங்கும் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சின்சினாட்டி சென்ற விசேட புகையிரதத்துக்கு ரொபின்சனின் பெயரே வழங்கியது. சென். லூயிஸ் மைதானத்தில் 1944 வரை கறுப்பினத்தவர் ஓர் ஒதுக்குப்புறப் பகுதியில் மாத்திரமே அனுமதிக்கப்பட்டிருந்தனர். எந்த இடத்திலும் அமரலாம் என்ற உரிமைக்கு அப்போது வயது மூன்றுதான்.

1947 மே 18 ஆம் திகதி சிக்காகோவின் றிக்லி ஃபீல்ட் மைதானத்தில் கட்டணம் செலுத்தி ஆட்டம் பார்த்தவர்கள் 46,572 பேர். அது அம்மைதானத்தின் சாதனை. அந்த ஆண்டு தேசிய லீக்கின் ஆட்டங்களுக்கு ஒரு கோடிக்கும் அதிகமானோர் வந்தனர். ரிக்கியின் துணிச்சலை மெச்சுபவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். அந்தத் துணிச்சல் நட்டத்தில் முடியாதவாறு காத்தவர்களில் நுழைவுச்சீட்டு வாங்கிய கறுப்பின ரசிகர்களும் அடங்குவர்.

அவர்கள் கொடுத்தது பணம் மாத்திரமல்ல. குடித்துவிட்டு வராதீர்கள், நன்றாக உடுத்தி வாருங்கள், அளவுக்கு மீறி ஆர்ப்பரிக்காதீர்கள் என்று கறுப்பினப் பத்திரிகைகளும் தேவாலயங்களும் அவர்களுக்கு இடைவிடாது புத்தி சொல்லின. ஒரு ரசிகர் செய்யும் தவறு ரொபின்சனின் தலையில் விழும் என்ற அச்சமே காரணம். விடுமுறை நாளில் ஆட்டம் பார்க்கப் போனவர்களும் பரீட்சை எழுதப் போனவர்களைப் போல நடந்துகொள்ளவேண்டியிருந்தது.

கூரைமேல் செய்தியாளர்

பத்திரிகையாளர்களின் நிலையும் வேறாக இருக்கவில்லை. பல மைதானங்களின் செய்தியாளர் கூடத்துக்குள் அனுமதிக்கப்படாத ஸ்மித், பார்வையாளர்களின் நடுவே தட்டச்சுப் பொறியை மடியில் வைத்துக்கொண்டு செய்தி எழுதினார். பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தில் 1948 இல் முதல் கறுப்பின உறுப்பினராகச் சேர்ந்த சாம் லேசிக்கு நியூ ஓர்லியன்ஸில் கூடத்துக்குள் இடம் மறுக்கப்பட்டது. அவர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறினார். சிறிது நேரத்தில் நியூயோர்க்கின் வெள்ளையினச் செய்தியாளர்கள் சிலரும் அங்கு வந்து சேர்ந்தனர். என்ன விடயம் என்று கேட்டபோது, சற்று வெயில் காயலாம் என்று வந்தோம் எனச் சமாளித்தார்களாம். லேசி பின்னாளில் அடிக்கடி நினைவுகூர்ந்த சம்பவம் இது. ஆனால், மறுநாளும் கூடத்தின் கதவு மூடியே இருந்திருக்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

வெற்றியின் விலை

இந்த வெற்றிக்கு விலை ஒன்றும் இருந்தது. ரொபின்சனைப் பார்க்கச் சென்றவர்கள் தமது சொந்த லீக்கின் ஆட்டங்களைக் கைவிட்டனர். நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் ஆட்டங்களுக்கு 1946 இல் சுமார் 120,000 பேர் வந்திருந்தனர். அடுத்த ஆண்டு அத்தொகை பாதிக்கும் கீழே போயிற்று. 1948 பருவத்துடன் நீக்ரோ தேசிய லீக் கலைந்தது. திறமைமிக்க இளையவர்களுக்கு வெள்ளையரின் அணிகளில் இடம் கிடைத்தது. அந்த லீக்கின் நிருவாகிகளுக்கும் வயதான வீரர்களுக்கும் அது கிடைக்கவில்லை. ரசிகர்களைக் குறைகூற முடியாது. மூடியிருந்த கதவு திறக்கும்போது உள்ளே எட்டிப்பார்க்க எவரும் விரும்புவர். ஆனால், கதவு மூடியிருந்த காலத்தில் நிழல் தந்த மரம் பட்டுப்போனதும் உண்மை.

பயணத்தின் தடைகள் இன்னும் மெதுவாகவே நீங்கின. டொட்ஜர்ஸ் அணி தங்கும் சென். லூயிஸ் விடுதி 1954 வரை அதன் கறுப்பின வீரர்களை ஏற்கவில்லை. கறுப்பினப் பயணிகள் நம்பித் தங்கக்கூடிய இடங்களின் விபரங்களைத் தொகுத்து, ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிறீன் என்ற தபால் ஊழியர் 1936 இல் தொடங்கிய வழிகாட்டி நூல் 1960 களிலும் வெளிவந்தது. இத்தகைய நூல் தேவைப்படாத நாள் வரும் என்று அவர் நம்பினார். 1964 இன் குடியியல் உரிமைகள் சட்டத்தைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

ரொபின்சன் 1972 ஒக்டோபரிலும் ஸ்மித் அதே ஆண்டு நவம்பரிலும் காலமானார்கள். 2020 இல் அமெரிக்க பேஸ்போல் நிருவாகம் 1920 முதல் 1948 வரையான நீக்ரோ லீக்குகளைப் பிரதான லீக்குகளாக அங்கீகரித்தது. 2024 இல் அவற்றின் புள்ளிவிபரங்கள் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. ஜோஷ் கிப்சனின் துடுப்பாட்டச் சராசரி இன்று எல்லோருக்கும் மேலாக நிற்கிறது. அந்தப் புள்ளிவிபரங்களில் பெரும்பகுதியை ஆய்வாளர்கள் மீட்டெடுத்தது எங்கிருந்து? தட்டச்சுப் பொறியை மடியில் வைத்து எழுதியவர்களின் பழைய பத்திரிகைப் பக்கங்களிலிருந்துதான்.

வீரர்களின் ஓட்டங்களை இவ்வாறு மீட்டுவிடலாம். காலணிப் பெட்டியில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, கெய்ரோவில் பெட்டி மாறி ஆட்டம் பார்க்கப் போனவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 51,723 என்ற எண்ணுக்குள் அவர்கள் இருக்கிறார்கள்.