தேயிலைக்கு ஒரு கணக்கு, ஆளுக்கு ஒரு கணக்கு

கொத்மலைப் பள்ளத்தாக்கின் லயங்களிலே, கூடலூரிலும் கோத்தகிரியிலும் உடன்பிறந்தாரை உடைய குடும்பங்கள் பல உண்டு. அண்ணன் இங்கே தேயிலை மலையில்; தங்கை அங்கே, அதே செடியின் முன்னால். இவர்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்து வைத்தது ஓர் ஒப்பந்தம். பின்னர் ஒருவருக்கொருவர் போட்டியாளராக நிறுத்தியது மற்றோர் ஒப்பந்தம். இரண்டையும் செய்துகொண்டவை அதே இரு நாடுகள்தாம்.

முதலாவது, 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 975,000 மக்கள் அதிலே பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 525,000 பேர். இலங்கைக்கு 300,000 பேர். மீதி 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மக்களைக் கேட்டுச் செய்த பங்கீடன்று அது. அவ்வெண்களைப் படிக்குந்தோறும் ஏற்றுமதிச் சரக்கின் நிறையைப் படிப்பது போன்ற உணர்வே நமக்கு உண்டாகிறது. இங்ஙனம் ‘ஏற்றுமதி’யானோர் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமைக் கடந்து சென்றனர். அவருள் ஒரு பகுதியினருக்கு வேலை தரும்பொருட்டே 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது.

இரண்டாவது, 1998 டிசம்பர் 28ஆம் நாள் சந்திரிகா குமாரதுங்கவும் வாஜ்பாயியும் ஒப்பமிட்ட சுதந்திர வர்த்தக ஒப்பந்தம். 2000 மார்ச்சு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுதோறும் 15 மில்லியன் கிலோ இலங்கைத் தேயிலைக்கு இந்தியா தீர்வைச் சலுகை அளித்தது. இலங்கையின் விளைச்சலோ அந்நாளில் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோ. இருபதில் ஒரு பங்குக்குத்தான் இத்தனை ஆரவாரம்!

நீலகிரியில் பச்சைக் கொழுந்தின் விலை அப்பொழுது வீழ்ந்து கிடந்தது. சோவியத் யூனியன் 1991இல் கலைந்தபின் உருசியச் சந்தை ஆட்டங்கண்டதும், தரம் குன்றியதும் அதற்குரிய காரணங்களிற் பெரியவை. ஆயினும் பழி இலங்கைத் தேயிலையின்மேல் விழுந்தது. அண்ணன் பறித்த கொழுந்து தங்கையின் சோற்றில் மண்ணைப் போடும் என்பதுதானே இதன் பொருள்? உண்மையில் அந்த 15 மில்லியன் பெரும்பாலும் நிரம்பவேயில்லை. இந்தியர் விரும்பிக் குடிப்பது சி.டி.சி. தூள், மலைநாட்டுத் தேயிலையிற் பெரும்பகுதி பழைய முறையில் சுருட்டப்படுவது.

அப்படியானால் பயன் யாருக்கு? தொடக்க ஆண்டுகளிலே இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் பெருகிச் சென்றவை செம்பும் வனஸ்பதியும். வனஸ்பதிக்கு வேண்டிய பாமாயில் பிற நாடுகளிலிருந்து வந்தது. தீர்வை வித்தியாசத்தைக் கண்டு தொழிற்சாலை நிறுவிய முதலாளிகளுக்கு நல்ல அறுவடை. இந்த மலையில் முளைக்காத பண்டங்களே இவ்வொப்பந்தத்தால் செழித்தன என்பது நாம் சிரிக்கவேண்டிய செய்தியா, வெட்கப்படவேண்டிய செய்தியா?

தேயிலைக்குக் கொச்சித் துறைமுகத்தின் வாயில் திறந்தது 2000இல். தலைமன்னார்க் கப்பலோ 1984ஆம் ஆண்டிலேயே போரினால் நின்றுபோயிற்று. தங்கை வீட்டுத் துக்கத்துக்குப் போக நினைத்த அண்ணனுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் விமானச்சீட்டும் வேண்டியிருந்தன.