வீட்டு உரிமையாளர் வெள்ளக் காப்பீட்டுச் சலுகைச் சட்டம், 2014

வெள்ளக் காப்பீட்டின் பிரீமியம் குடும்பங்களின் கைக்கு மீறிப் போகாமல் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம். அதிபர் பராக் ஒபாமா 2014 மார்ச் 21 அன்று இதில் கையெழுத்திட்டார். இரண்டு வயதுகூட நிரம்பாத இன்னொரு சட்டத்தின் கடுமையைத் தணிக்க வந்தது இது.

அமெரிக்காவில் வழக்கமான வீட்டுக் காப்பீடு தீ, திருட்டு போன்றவற்றுக்கு ஈடு தரும், வெள்ளத்துக்குத் தராது. தீ பிடித்தால் ஒரு வீடு போகும், வெள்ளம் வந்தால் தெருவே போகும். அதிலும் ஆற்றோரத்தில் இருப்பவர்தான் பாலிசி கேட்டு வருவார், மேட்டில் இருப்பவர் வரமாட்டார். 1927 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் இந்தத் தொழிலிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கிக்கொண்டன. 1965இல் பெட்சி சூறாவளி லூசியானாவைப் புரட்டிப்போட்ட பிறகு, 1968இல் அரசே தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வெள்ள அபாய வரைபடம் வருவதற்கு முன் கட்டிய வீடுகளுக்கு மானிய விலையில் பாலிசி கிடைத்தது. 1973 முதல், அபாயப் பகுதியில் அடமானக் கடன் வாங்கி வீடு எடுப்பவர்களுக்குக் காப்பீடு கட்டாயமாயிற்று.

எந்த ஓர் ஆண்டிலும் 100இல் 1 பங்கு வெள்ள வாய்ப்பு உள்ள இடமே அபாயப் பகுதி. 'நூறாண்டு வெள்ளம்' என்ற பெயர் இதனால் வந்ததுதான். பலரை ஏமாற்றிய பெயர் அது. 30 ஆண்டுக் கடன் அடைந்து முடிவதற்குள் அந்த வெள்ளத்தைப் பார்த்துவிடும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று.

2005 கத்ரீனா சூறாவளி திட்டத்தின் கணக்கை உடைத்தது. கருவூலத்திடம் கடன் வாங்கித்தான் இழப்பீடு கொடுக்க முடிந்தது. கடனைக் கட்டுப்படுத்த 2012 ஜூலையில் பிகர்ட்-வாட்டர்ஸ் சட்டம் வந்தது. மானியத்தைப் படிப்படியாக நீக்கி, உண்மையான அபாயத்துக்கு ஏற்ற கட்டணம் வாங்குவது அதன் நோக்கம். ஏட்டில் நியாயமான கணக்குதான். ஆனால் பழைய வீட்டை விற்றால், வாங்குபவர் முதல் நாளிலிருந்தே முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றது. வெள்ள மட்டத்துக்கு 4 அடி கீழே தளம் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 9,500 டாலர் ஆகலாம், அதே வீடு 3 அடி மேலே இருந்தால் 427 டாலர் போதும் என்று அரசின் விளக்கப் படமே காட்டியது. சாண்டி சூறாவளியில் நனைந்த நியூ ஜெர்சி, நியூயார்க் கரையோர மக்களும் லூசியானாக்காரர்களும் கொதித்தார்கள். வீடுகள் விலைபோகவில்லை என்ற புகார் எழுந்தது. சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த காங்கிரஸ் உறுப்பினர் மேக்சின் வாட்டர்ஸே அதைத் தளர்த்த முன்னின்றார். புதிய சட்டம் கீழவையில் 306-91 என்றும் செனட்டில் 72-22 என்றும் நிறைவேறியது.

வீட்டை வாங்குபவருக்கும் பழைய கட்டணமே தொடரும் என்றது புதிய சட்டம். அதற்குள் கூடுதலாக வசூலித்ததைத் திருப்பித் தரச் சொன்னது. பெரும்பாலான பாலிசிகளின் பிரீமியம் ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டாவது வீடு, கடை கண்ணி, திரும்பத் திரும்ப வெள்ளத்தில் சேதமடையும் கட்டடம் ஆகியவற்றுக்கு மட்டும் 25 விழுக்காட்டு உயர்வு நீடித்தது. விட்டுக்கொடுத்த வருவாயை ஈடுகட்ட, குடியிருக்கும் வீட்டுக்கு 25 டாலரும் மற்றவற்றுக்கு 250 டாலரும் ஆண்டுக் கூடுதல் கட்டணம் விதித்தார்கள். பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் 1 விழுக்காட்டைத் தாண்டும் பாலிசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க முயல வேண்டும் என்றும் சட்டம் கேட்டுக்கொண்டது, 2.5 லட்சம் டாலர் பாலிசிக்கு அது 2,500 டாலர். முயற்சி செய்யச் சொன்னதே தவிர, கட்டாயமாக்கவில்லை.

சட்டத்தின் பலவீனம், சலுகை வீட்டைப் பார்த்தது, வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்க்கவில்லை என்பது. கடற்கரையில் மாளிகை வைத்திருப்பவருக்கும் அதிலேயே குடியிருந்தால் அதே உச்சவரம்புதான். மானியத்தை ஒழிக்கும் நோக்கத்தையும் அது கைவிடவில்லை. ஏற்றத்தின் வேகத்தை மட்டும் குறைத்தது.

திட்டத்தின் கடன் பாக்கியும் கரையவில்லை. 2017இல் ஹார்வி உள்ளிட்ட சூறாவளிகளுக்குப் பின் காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தது. அப்படியும் 2,000 கோடிக்கு மேல் நின்றது. 2021 அக்டோபரில், நீர்நிலையிலிருந்து தூரம், மறுகட்டுமானச் செலவு போன்றவற்றை வீடு வீடாகக் கணக்கிடும் புதிய கட்டண முறை அறிமுகமானது. அதன்படி ஒரு வீட்டின் முழுக் கட்டணம் இரண்டு மூன்று மடங்காக வந்தாலும் பழைய பாலிசிதாரரிடம் அதை உடனே கேட்க முடியாது; 2014இன் 18 விழுக்காட்டு வரம்புக்குள் ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.