கழுகின் பெயரால்

மக்கள் தாங்கும் பெயர்களும் ஊர்கள் தாங்கும் பெயர்களும் வரலாற்றின் நினைவுப் பேழைகள். ஸ்லாவிய இனத்தாரிடையே வழங்கும் கழுகுப் பெயர்கள் இதற்கு நல்ல சான்று.

கழுகை ரஷ்யர் 'ஓரியோல்' என்பர். செக் மக்கள் 'ஓரெல்' என்பர். போலந்து மக்களின் நாவில் அது 'ஓஷெவ்' ஆகும். ஒரே வேரினின்று கிளைத்த சொற்கள் இவை. 'ஓர்லோவ்' என்னும் ரஷ்யக் குடும்பப் பெயர், கழுகு எனப் பட்டப்பெயர் பெற்ற மூதாதையின் வழிவந்தோரைக் குறிக்கும். 1762இல் இரண்டாம் கத்தரீன் அரியணை ஏறத் துணைநின்ற ஓர்லோவ் சகோதரர்கள் இப்பெயரினரே. 1710இல் உக்ரேனியக் கொசாக்கியர் தலைவராகத் தேர்ந்துகொண்ட பிலிப் ஓர்லிக்கின் பெயருக்குச் 'சிறு கழுகு' என்பது பொருள். 1566இல் நான்காம் இவான் எல்லைக் கோட்டையாக எழுப்பிய ஓரியோல் நகரும், செக் நாட்டின் ஓர்லிட்சே ஆறும் இவ்வேரினவே.

வலிமையை விரும்பிய வேந்தர்கள் கழுகைத் தம் சின்னமாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயினும் போலந்தின் வரலாறு நமக்கு வேறொன்றையும் கற்பிக்கிறது.

லேக் என்னும் முன்னோன் வெண்கழுகின் கூட்டைக் கண்ட இடத்தில் க்னியெஸ்னோ நகரை நிறுவினான் என்பது அந்நாட்டுப் பழங்கதை. அந்நகரின் பெயரே 'கூடு' என்னும் சொல்லோடு தொடர்புடையது என்பர். 966இல் அரசன் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றான். 997இல் மறைசாட்சியாக மரித்த புனித அடால்பர்ட்டின் உடல் க்னியெஸ்னோவில் அடக்கம் செய்யப்பட்டது. 1000ஆம் ஆண்டில் அது பேராயரின் இருக்கையாயிற்று. கழுகின் கூடு விசுவாசத்தின் கூடாயிற்று. 1295இல் இரண்டாம் ப்ஷெமிஸ்வ் அங்கே முடிசூடியபோது வெண்கழுகு அரசின் சின்னமாயிற்று.

பின்னர் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகள் அந்நாட்டைக் கூறுபோட்டன. அம்மூன்றின் சின்னமும் கருங்கழுகே! 123 ஆண்டுகள் போலந்து உலகப்படத்தில் இல்லை. ஆனால் ஓர்வோவ்ஸ்கி என்னும் குடும்பங்கள் தம் பெயரை இழக்கவில்லை. மக்கள் தம் செபமொழியையும் இழக்கவில்லை. 1918இல் நாடு மீண்டது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பொதுவுடைமை ஆட்சி கழுகின் தலையிலிருந்து மணிமுடியை நீக்கியது. 1979 ஜூன் 3 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் க்னியெஸ்னோவில் தம் மக்களைச் சந்தித்தார். பத்தாண்டுகளில் அவ்வாட்சி வீழ்ந்தது. கழுகு தன் முடியை மீளப் பெற்றது.

வல்லரசுகளின் கழுகு வேட்டையாடும் பறவை. விடுதலைப் பயண நூலின் 19ஆம் அதிகாரம் காட்டும் கழுகோ சுமந்து செல்லும் பறவை. அடிமைப்பட்டிருந்த மக்களை ஆண்டவர் மீட்டுக் கொணர்ந்ததற்கு அதன் சிறகுகளே உவமை. கருங்கழுகுகளைத் தாங்கிய அம்மூன்று முடியரசுகளும் மறைந்தன. சுமக்கப்பட்ட மக்கள் நிலைத்தனர். திருமுழுக்கில் நாமும் ஒரு பெயர் பெற்றுள்ளோம். அப்பெயரை உயரப் பறந்து பிறரை அச்சுறுத்தத் தாங்குகிறோமா, எளியோரைச் சுமக்கத் தாங்குகிறோமா எனச் சிந்திப்போமாக.