குக்கர் விசில் முதல் கூடங்குளம் வரை

காலை ஏழு மணிக்கு நம் குடியிருப்பின் படிக்கட்டில் ஏறினால், எந்த வீட்டில் என்ன சமையல் என்பதை வாசனை சொல்லும். எத்தனை விசில் என்பதைக் காது சொல்லும். சமவெளியிலிருந்து இங்கே குடிவந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குறை பருப்பில் இல்லை, உயரத்தில். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கீழே பழனியில் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. ஆவியை உள்ளே அடைத்து 115 டிகிரி வரை கொண்டுபோக குக்கர் இருப்பதால்தான் நேரத்துக்குச் சாம்பார் கிடைக்கிறது.

ஆவியை அடைப்பது சுலபம். சரியான நேரத்தில் அதைத் திறந்துவிட்டு, மறுபடி மூடுவதுதான் கஷ்டம். அந்த வேலையைச் செய்கிற சேஃப்டி வால்வுக்கு 300 ஆண்டுகளுக்கு மேல் வரலாறு உண்டு.

பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பான் 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு பாத்திரத்தைக் காட்டினார். இறுக்கி மூடிய அந்தப் பாத்திரத்தில் எலும்பும் மெத்தென்று வெந்தது. நம் குக்கருக்குப் பாட்டன் அதுதான். பாத்திரம் வெடிக்காமல் இருக்க, ஒரு துளையை மூடி, அதன்மேல் எடை தொங்கும் நெம்புகோலை வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் ஆவி எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். இன்று நம் குக்கர் வெயிட் செய்வதும் அதேதான்.

நீராவி எஞ்சின்கள் வந்தபோது வால்வும் கூடவே வந்தது. ஆனால் மனிதர்களுக்கு அதன் சீறல் பிடிக்கவில்லை. 1831-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற ரயில் எஞ்சினின் ஃபயர்மேன் சத்தம் பொறுக்காமல் வால்வை அழுத்திப் பிடித்துவிட்டார். பாய்லர் வெடித்தது, அவர் உயிர் போனது. பிறகு 1850-களில் ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், எஞ்சின் ஓட்டுபவர் இறுக்கிவிட முடியாதபடி ஒரு வால்வை வடிவமைத்தார்.

நம் நாட்டில் 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர் ஆய்வுச் சட்டம் வந்தது. 1923-ல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. ஆய்வுச் சான்றிதழுக்கு அது வைத்த ஆயுள் பொதுவாக ஓர் ஆண்டுதான். போன வருடம் சரியாக இருந்தது என்பது இந்த வருடத்துக்குப் பதில் ஆகாது.

இந்தப் பாடத்தை உலகம் பெரிய விலை கொடுத்துத் திரும்பப் படித்தது 1979 மார்ச் 28 அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில், அதிகாலை நான்கு மணிக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. உலையின் அழுத்தம் ஏறியது. வால்வு ஒழுங்காகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

கட்டுப்பாட்டு அறை விளக்கோ வால்வு மூடிவிட்டதாகக் காட்டியது. உண்மையில் அந்த விளக்குக்குத் தெரிந்தது "மூடு" என்ற உத்தரவு போனது மட்டும்தான். வால்வு கீழ்ப்படிந்ததா என்பது தெரியாது. வால்வின் வெளியேற்றக் குழாய் சூடாக இருந்ததை ஊழியர்கள் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பக்கம் பல நாட்களாகவே கசிவு இருந்தது. அதனால், அது எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். உலையில் தண்ணீர் நிறைந்திருப்பதாக நினைத்து, அவசரக் குளிர்விப்பையும் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வேறொரு வால்வை மூடிக் கசிவை நிறுத்தினார்கள். அதற்குள் உலையின் மையம் சேதமடையத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய பாதி உருகியது. இதில் வருத்தம் என்னவென்றால், 1977-லேயே ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு மூடாமல் நின்றிருந்தது. அந்த எச்சரிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அதன் பிறகுதான் அணுமின் நிலைய வால்வுகளை முழு அளவில் சோதிக்கும் திட்டம் அமெரிக்காவில் நடந்தது. ஆவி வந்தால் திறந்து மூடுகிறதா, தண்ணீர் வந்தால் என்ன ஆகும், இரண்டும் கலந்து வந்தால் என்ன ஆகும் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். வால்வு உண்மையில் இருக்கும் நிலையையே காட்டும் கருவியும் கட்டாயமானது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கூடங்குளம் முதல் அலகு இயங்கத் தொடங்கும் முன், 2013 ஏப்ரலில், ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த நான்கு வால்வுகளின் செயல்பாட்டில் குறை இருப்பது சோதனையில் தெரிந்ததாக அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அறிவித்தது. பாகங்களை மாற்றி மறுபடி சோதிக்கச் சொன்னது. ஜூலை 13 அன்றுதான் உலையில் தொடர்வினை தொடங்கியது. கூடங்குளம் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் நம் குடியிருப்பிலேயே உண்டு. சோதனை வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இருக்க முடியாது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்தக் குளிரில் கெய்சர் ஓடாத நாள் இல்லை. சேமிப்பு கெய்சரில் அழுத்தத்தை வெளியேற்றும் சிறு வால்வு ஒன்று உண்டு. அதில் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். அல்லது சொட்டிக்கொண்டே இருக்கலாம். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். அது 1831-ன் ஃபயர்மேன் செய்த வேலை. கொதிநீர் பீறிடக்கூடும் என்பதால் நீங்களே திருகிப் பார்க்கவும் வேண்டாம். மெக்கானிக்கை அழைத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குக்கர் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிய வேண்டும். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு, சூடு மிஞ்சினால் உருகி வழிவிடும் வகை. ஒருமுறை உருகினால் அதன் வேலை முடிந்தது. அந்த குக்கருக்கு உரிய புது வால்வைத்தான் போட வேண்டும்; எதையாவது வைத்து அடைத்துவிடக் கூடாது.

லிஃப்ட், ஜெனரேட்டர், தீயணைப்பான் ஆகியவற்றுக்கு நம் சங்கத்தில் ஆண்டுச் சோதனைப் பட்டியல் வைக்கிறோம். அதில் "எல்லா வீட்டு கெய்சர் வால்வும்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்பது என் யோசனை. அடுத்த கூட்டத்தில் பேசுவோம். அதுவரை, வீட்டில் ஏதாவது கசிந்தால், "அது எப்பவும் அப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.