புயலுக்குப் பின் வந்த நெடி



மழை நின்று லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் புயல் முடிந்தது என்று நிம்மதியடைகிறோம். 2023 டிசம்பரில் எண்ணூர் மக்களுக்கு அது அப்படி முடியவில்லை.

மிக்ஜாம் புயல் மழை 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீட்டுச் சுவர், படகு, வலை எல்லாம் கறுப்பாயின. மீனவர்களே வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். மூன்று வாரம் கழித்து, 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் வேளையில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் சென்றனர். புயலில் பாறைகள் நகர்ந்து குழாய் சேதமடைந்திருக்கலாம் என்று பின்னர் ஆய்வுக் குழு கூறியது.

இப்படித் திக்குத் தெரியாமல் ஓடக்கூடாது என்பதற்காகவே நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு பரவியபோது, அது என்ன வாயு, எந்தப் பக்கம் போவது என்று மக்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தப் பாடத்தால் அமெரிக்கா 1986இல் ஊர்தோறும் அவசரகாலத் திட்டக் குழுக்களைச் சட்டமாக்கியது. இந்தியாவில் 1996இல் இரசாயன விபத்து விதிகள் வந்தன. மத்திய, மாநில, மாவட்ட, உள்ளூர் என நான்கு நிலைகளில் குழுக்கள். உள்ளூர்க் குழுவில் தீயணைப்பு, காவல், மருத்துவர்களோடு ஊர்ப் பிரமுகர்களுக்கும் இடமுண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை நடத்த வேண்டும். பொதுமக்கள் கேட்டால் விவரம் தர வேண்டும்.

ஆனால் சாதாரண நாளில் நடத்தும் ஒத்திகை வெள்ள நாளுக்குப் போதாது. அன்று சாலையில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? எச்சரிக்கை எப்படி வந்து சேரும்?

வங்கியில் கேஷ் டாலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. சட்டத்தில் உள்ள திட்டமும் நம் தெருவில் உள்ள ஏற்பாடும் டாலி ஆகின்றனவா என்று நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த பருவமழைக்கு முன், நம் சங்கத்தின் பெயரில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அருகில் எந்த ஆலையில் என்ன ரசாயனம் இருக்கிறது, சங்கு ஒலித்தால் வீட்டுக்குள் இருப்பதா வெளியேறுவதா, கடைசியாக ஒத்திகை எப்போது நடந்தது என்று கேட்போம். வரும் பதிலை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைப்போம். கூடவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும்.