மலம்புழை மீட்பும் செலவுக் கணக்கும்

2022 பிப்ரவரி 7ஆம் நாள், பாலக்காட்டை அடுத்த மலம்புழையிலுள்ள குரும்பாச்சி மலையில் ஏறிய இளைஞர் ஒருவர் பாறைப் பிளவில் சிக்கினார். உணவில்லை, நீரில்லை, பகலில் வெயில், இரவில் பனி. கடலோரக் காவற்படை ஹெலிகாப்டரும் அணுக இயலாது திரும்பிற்று. வெல்லிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த இராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி, 9ஆம் நாள் காலை அவரை மீட்டனர். செலவு முக்கால் கோடி என்று செய்தித்தாள்கள் எழுதின.

தக்க காரணமின்றிச் சங்கிலியை இழுப்போரிடம் தண்டம் வாங்கும் ரயில்வேயில் ஊழியம் பார்க்கும் நாம், இவரிடமும் வாங்கலாமே என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் 2018 மார்ச் 11இல், இடுக்கி எல்லையோரக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகளுள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நினைத்தோம். தண்டத்துக்கு அஞ்சி ஒருவர் உதவி கேட்கத் தயங்கினால்?

கேரள அரசும் முதலில் வழக்கில்லை என்றது; சில நாளில் அதே மலையில் வேறொருவர் ஏறவே, வனத்துறை இளைஞர் மீது வழக்குப் பதிந்தது.